நால்வரையும் எந்த வரிசையில் நிறுத்துவது?

"அவ மெதுவா வந்துட்டா சார். அதான் கோடு தாண்டிடுச்சு."

சில ஆண்டுகளுக்கு முன், வருவாய் மாவட்டத் தடகளப் போட்டி நடந்த மைதானத்தில் என் மாணவி ஒருத்தி சொன்ன வார்த்தைகள் இவை. 17 வயதுக்குட்பட்ட மாணவியருக்கான 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டாவது ஓடியவளிடமிருந்து மூன்றாமவள் பேட்டனை வாங்கியபோது இருவருமே மாற்றும் பகுதியைத் தாண்டிவிட்டார்கள். அங்கே நின்ற நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். எங்கள் அணி தகுதி நீக்கம் ஆனது. "மெதுவா வந்துட்டா" என்ற வார்த்தை, நால்வரில் நேரம் அதிகம் எடுப்பவளான அந்த இரண்டாவது மாணவியின் தலையில் விழுந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. மின்ரயிலில் அத்திப்பட்டு புதுநகர் வந்து இறங்கும் வரை சன்னலோரமே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து மாலைப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அன்று தவறு செய்தது அவள் அல்ல, நான்தான். அந்தத் தவறு என்னவென்று எனக்கே புரியச் சில வாரங்கள் ஆயின. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், குறுவட்டப் போட்டிக்கு அணி கூட்டிச்செல்லும் நம்மில் பலரும் அதே தவறைச் செய்கிறோம் என்பதுதான். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் வகுப்பு ஆசிரியர்களே அணியைத் தயார் செய்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அன்று காலை நான் செய்தது

அணியில் இருந்த நால்வரின் 100 மீட்டர் நேரம் 14.7, 15.1, 13.9, 14.4 வினாடிகள். பயிற்சியில் இதே வரிசையில்தான் ஓடினார்கள். அதாவது, நால்வரில் வேகமானவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். போட்டி நாளன்று காலையில் மற்ற அணிகளைப் பார்த்தேன். எல்லோருமே தங்கள் வேகமான மாணவியைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கடைசியில் பிடித்துவிடுவாள்" என்ற நம்பிக்கையில் மூன்றாமவளையும் நான்காமவளையும் இடம் மாற்றினேன். ஓட்டம் தொடங்க அரை மணி நேரமே இருந்தது.

நான் மாற்றியது இரண்டு பேரை மட்டும்தான் என்று நினைத்தேன். உண்மையில் மாறியது இரண்டு ஜோடிகள். இரண்டாமவள் இப்போது பழகாத ஒருத்திக்குப் பேட்டன் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக வந்தவள் பழகாத ஒருத்தியிடம் வாங்க வேண்டும். அவள் இதுவரை இடக்கையில் வாங்கிப் பழகியவள், இப்போது வலக்கையில் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் விட, அவள் எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பதற்கு வைத்திருந்த அடையாளக் கோடு வேறொருத்தியின் வேகத்துக்கு அளந்து வைத்தது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் வரிசை பற்றிய மற்றவை தானாகப் புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முப்பது மீட்டருக்குள் நடப்பது

4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் பேட்டன் மூன்று முறை கைமாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 30 மீட்டர் நீளமுள்ள பகுதி உண்டு. முதல் மாற்றும் பகுதி தொடக்கக் கோட்டிலிருந்து 80 மீட்டரில் ஆரம்பித்து 110 மீட்டரில் முடிகிறது. மற்ற இரண்டும் அதேபோல 180 முதல் 210 வரை, 280 முதல் 310 வரை. முன்பு இந்தப் பகுதி 20 மீட்டர்தான். அதற்கு முன்னால் 10 மீட்டர் ஓடிவர மட்டும் அனுமதி இருந்தது. விதி மாறிய பிறகும் சில மைதானங்களில் பழைய கோடுகள் அழியாமல் இருக்கும். போட்டிக்கு முன் நடுவரிடம் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டு மாணவர்களுக்கு நேரில் காட்டிவிடுவது நல்லது.

பகுதிக்குள் இருக்க வேண்டியது ஓடுபவரின் கால் அல்ல, பேட்டன். பேட்டன் வாங்குபவரின் கையில் மட்டுமே இருக்கும் அந்தக் கணம் கோடுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். இதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர்கள் காலைப் பார்த்துப் பதறுவார்கள்.

நல்ல மாற்றம் என்பது வேகம் குறையாத மாற்றம். கொடுப்பவர் முழு வேகத்தில் வருகிறார். வாங்குபவர் நின்ற நிலையிலிருந்து ஓடத் தொடங்கி, பேட்டன் கைக்கு வரும்போது ஏறக்குறைய அதே வேகத்தை எட்டியிருக்க வேண்டும். அதற்கு அவர் முன்கூட்டியே புறப்பட வேண்டும். எவ்வளவு முன்கூட்டி? அதற்குத்தான் அடையாளக் கோடு. கொடுப்பவர் அந்தக் கோட்டை மிதித்ததும் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் புறப்படுவார்.

என் அணியின் எண்களை வைத்தே கணக்கிடுகிறேன். பேட்டன் மாற்றும் பகுதிக்குள் 20ஆவது மீட்டரில் கைமாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவள் கைதட்டல் கேட்டதிலிருந்து முதல் 20 மீட்டரை ஓட 3.5 வினாடி எடுக்கிறாள். எங்கள் வேகமான மாணவி தன் ஓட்டத்தின் கடைசி 20 மீட்டரை 2.6 வினாடியில் கடக்கிறாள். அந்த 3.5 வினாடியில் அவள் ஓடிவரும் தூரம் ஏறக்குறைய 27 மீட்டர். இருவர் கைகளும் நீளும் தூரம் ஒரு மீட்டர் என்றால், கொடுப்பவள் 19ஆவது மீட்டருக்கு வந்தால் போதும். 27லிருந்து 19ஐக் கழித்தால் 8. எனவே அடையாளக் கோடு வாங்குபவள் நிற்கும் இடத்துக்கு 8 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும்.

இப்போது கொடுப்பவளை மாற்றிப் பாருங்கள். 15.1 வினாடி மாணவி கடைசி 20 மீட்டருக்கு 2.9 வினாடி எடுக்கிறாள். 3.5 வினாடியில் அவள் வருவது ஏறக்குறைய 24 மீட்டர். கோடு இருக்க வேண்டிய தூரம் 5 மீட்டர்.

வித்தியாசம் 3 மீட்டர். அன்று நான் வரிசையை மாற்றியபோது, வாங்குபவள் தான் பழகிய 8 மீட்டர்க் கோட்டையே வைத்துக்கொண்டாள். கொடுப்பவள் அந்தக் கோட்டை மிதித்ததும் சரியாகப் புறப்பட்டாள். பின்னால் வந்தவளும் தன் வழக்கமான வேகத்தில்தான் வந்தாள். ஆனால் மூன்று மீட்டர் முன்னதாகவே புறப்பட்டுவிட்டவளை எட்டிப் பிடிக்க அவளால் முடியவில்லை. யாரும் மெதுவாக வரவில்லை. கோடுதான் தப்பான இடத்தில் இருந்தது. அதைத் தப்பான கோடாக ஆக்கியது என் காலை நேர முடிவு.

அடையாளக் கோடு ஒரு ஆளுக்கு உரியது அல்ல, ஒரு ஜோடிக்கு உரியது. வரிசையை மாற்றினால் கோடும் மாறும், வாங்கும் கையும் மாறும். வரிசை என்பது நான்கு பேரின் பட்டியல் அல்ல. அது மூன்று ஜோடிகளின் ஏற்பாடு.

நான்கு இடங்கள், நான்கு வேலைகள்

மாணவர்கள் மனத்தில் கடைசி இடம் நாயகன் இடம். முதல் இடம் அதற்கு அடுத்தது. நடுவில் இருக்கும் இரண்டும் 'சும்மா' ஓடுபவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

முதலில் ஓடுபவர் அதிகபட்சம் 110 மீட்டர் ஓடுகிறார். இரண்டாமவர் 80ஆவது மீட்டரில் புறப்பட்டு 210 வரை ஓடலாம். அதாவது 130 மீட்டர். மூன்றாமவருக்கும் 180 முதல் 310 வரை 130 மீட்டர். நான்காமவர் 280இல் புறப்பட்டு 400இல் முடிக்கிறார், 120 மீட்டர். அதிக தூரம் ஓடுவதும், வாங்குவது கொடுப்பது இரண்டையும் செய்வதும் நடுவில் இருக்கும் இருவர்தான்.

முதல் இடம்: துப்பாக்கிச் சத்தத்துக்கு நிதானமாகக் காத்திருந்து வேகமாக எழுபவர் வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் இது முழுவதும் வளைவு. பேட்டனை வலக்கையில் வைத்து ஓடுபாதையின் உட்கோட்டை ஒட்டி ஓட வேண்டும். கொடுக்க மட்டும் தெரிந்தால் போதும், வாங்க வேண்டியதில்லை.

இரண்டாம் இடம்: நேர்ப்பாதை. இடக்கையில் வாங்கி அதே கையால் கொடுக்க வேண்டும். 100 மீட்டரைத் தாண்டியும் வேகம் விழாதவர் இங்கே பொருத்தம்.

மூன்றாம் இடம்: மீண்டும் வளைவு. வலக்கையில் வாங்கி வலக்கையால் கொடுக்க வேண்டும். வளைவில் ஓடிக்கொண்டே இரண்டு மாற்றங்களைச் செய்ய வேண்டியிருப்பதால் இதுவே கடினமான இடம். 200 மீட்டர் ஓடும் மாணவர் இருந்தால் இங்கே முயன்று பார்க்கலாம்.

நான்காம் இடம்: இடக்கையில் வாங்க வேண்டும், கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து ஓடுபாதையில் ஒருவர் முந்திப்போனாலும் உடம்பு இறுகாமல் ஓடுபவர் வேண்டும்.

வலது, இடது, வலது, இடது என்று கைகள் மாறி மாறி வருவதால் ஓடும்போது யாரும் பேட்டனைக் கை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தவிர்க்க முடியாமல் வரிசையை மாற்றத்தான் வேண்டும் என்றால், இரண்டாமவரும் நான்காமவரும் இடம் மாறுவது வாங்கும் கையை மாற்றாது. இரண்டாமவரும் மூன்றாமவரும் மாறினால் இருவருக்கும் கை மாறிவிடும்.

பெரிய அணிகள் என்ன செய்தன?

வேகமானவர் கடைசியில்தான் ஓட வேண்டும் என்பது விதி இல்லை. 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் தங்கத்தை இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் 9.80 வினாடியில் வென்றார். சில நாட்கள் கழித்து நடந்த 4×100 தொடர் ஓட்டத்தில் இத்தாலி அவரைக் கடைசியில் நிறுத்தவில்லை. லொரென்சோ பட்டா முதலில், ஜேக்கப்ஸ் இரண்டாவது, 200 மீட்டர் வீரரான ஃபவுஸ்டோ தெசாலு வளைவில் மூன்றாவது, ஃபிலிப்போ தோர்து கடைசி. இத்தாலி 37.50 வினாடியில் தங்கம் வென்றது. அடுத்து வந்த பிரிட்டன் 37.51. உலகின் வேகமான மனிதரை நீளமான நேர்ப்பாதையில் ஓடவிட்ட அணி ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில் வென்றது.

உசைன் போல்ட்டும் எப்போதும் கடைசியில் ஓடியவர் அல்ல. 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் அவர் மூன்றாவதாக வளைவில் ஓட, அசாஃபா பவல் முடித்துவைத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யோஹான் பிளேக் வளைவை எடுத்துக்கொள்ள, போல்ட் கடைசியில் ஓடினார். ஜமைக்கா 36.84 வினாடியில் உலகச் சாதனை படைத்தது. மனிதர் ஒருவர்தான். கூட ஓடுபவர்கள் மாறியதும் அவர் இடமும் மாறியது.

தனித்தனியாக வேகம் குறைந்தவர்கள் மாற்றத்தால் வெல்ல முடியும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் எடுத்துக்காட்டு. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியதில்லை. ஆனால் அணியாக 37.60 வினாடியில் வெள்ளி வென்றார்கள். அதே இறுதி ஓட்டத்தில் அமெரிக்க அணி மாற்றும் பகுதி விதியை மீறியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஒலிம்பிக் வீரர்களுக்கே அது நடக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னால், அவர்கள் மனதில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும்.

நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய ஆண்கள் அணி 38.89 வினாடியில் வெண்கலம் வென்றது. அந்தத் தேசியச் சாதனை சுமார் 15 ஆண்டுகள் நின்றது. 2025 ஏப்ரல் கடைசியில் சண்டிகரில் குரிந்தர்வீர் சிங், அனிமேஷ் குஜூர், மணிகண்ட ஹோப்ளிதார், அம்லான் போர்கோஹெய்ன் ஆகிய நால்வர் 38.69 வினாடியில் அதை முறியடித்தார்கள். 100 மீட்டரில் குரிந்தர்வீரின் அப்போதைய சிறந்த நேரம் 10.20, மணிகண்டாவுடையது 10.22, அம்லானுடையது 10.25. அனிமேஷ் 200 மீட்டர் தேசியச் சாதனையாளர். நால்வரின் நேரத்தையும் கூட்டினால் 41 வினாடியை நெருங்கும். அணியாக ஓடியதோ 38.69. இரண்டு வினாடிக்கு மேல் எங்கிருந்து கிடைத்தது? மூன்று பேர் நின்ற நிலையிலிருந்து அல்லாமல், ஓடிக்கொண்டே பேட்டனை வாங்கியதிலிருந்து.

நம் பள்ளி அணிக்கும் இதுவே எளிய அளவுகோல். நால்வரின் 100 மீட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். அதிலிருந்து அணியின் தொடர் ஓட்ட நேரத்தைக் கழியுங்கள். மீதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. கொடி தூக்கப்பட்ட அந்த ஆண்டு என் அணியின் கூட்டல் 58.1 வினாடி. பயிற்சியில் அவர்களின் சிறந்த நேரம் 57.4. மீதி வெறும் 0.7. அந்த எண்ணை அப்போதே பார்த்திருந்தால், எங்களுக்குத் தேவை இன்னும் வேகமான ஆள் அல்ல, இன்னும் நல்ல மாற்றம் என்று தெரிந்திருக்கும்.

வரிசையை அமைக்க நான் இப்போது செய்வது

நான்கு பேரை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். கொடுப்பவர், வாங்குபவர் என்று பார்த்தால் 12 ஜோடிகள் அமையும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க நமக்கு நேரம் கிடையாது. எனவே படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

முதல் வாரம் ஒவ்வொருவரையும் தனியாக அளக்கிறேன். நின்ற நிலையிலிருந்து 30 மீட்டர், ஓடிவந்து 30 மீட்டர், வளைவில் ஒரு ஓட்டம், 130 மீட்டர் ஓட்டம் ஒன்று. 100 மீட்டர் நேரம் மட்டும் பார்த்தால் இந்த நான்கும் மறைந்துவிடும். தொடக்கத்தில் வேகமாக எழும் மாணவர் கடைசி 30 மீட்டரில் தளரலாம். அவருக்கு முதல் இடம் பொருந்தும், இரண்டாம் இடம் பொருந்தாது.

இரண்டாம் வாரம் மாற்றத்தில் யார் தடுமாறுகிறார் என்று பார்க்கிறேன். வாங்கத் தடுமாறுபவரை முதலில் வைக்கலாம், கொடுக்கத் தடுமாறுபவரைக் கடைசியில் வைக்கலாம். நடுவில் வைத்தால் இரண்டு மாற்றங்களும் ஆபத்து. மாற்றத்தில் நல்ல இருவர் நடுவுக்கு வர வேண்டும், அவர்களில் ஒருவர் நால்வரில் மெதுவானவராக இருந்தாலும்.

மூன்றாம் வாரம் ஸ்டாப்வாட்ச்சை ஆளுக்கு அல்ல, பேட்டனுக்குப் பிடிக்கிறேன். பேட்டன் மாற்றும் பகுதிக்குள் நுழையும்போது அழுத்தி, வெளியேறும்போது நிறுத்த வேண்டும். இந்த 30 மீட்டரைப் பேட்டன் எவ்வளவு நேரத்தில் கடந்தது என்பதே ஒரு ஜோடியின் மதிப்பெண். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று முறை பார்த்து நடுவில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அணியில் ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி 14.7, இன்னொருத்தி 15.0. முதலாமவள் வாங்கியபோது பேட்டன் 4.8 வினாடி எடுத்தது. இரண்டாமவள் வாங்கியபோது 4.3. தனி ஓட்டத்தில் 0.3 வினாடி பின்தங்கியவள், மாற்றத்தில் 0.5 வினாடி மிச்சம் பிடித்தாள்.

நான்காம் வாரத்திலிருந்து வரிசை உறுதி. அடையாளக் கோடுகளை மட்டும் சரிசெய்வோம். கொடுப்பவர் வாங்குபவரை முட்டிக்கொண்டு வந்தால் கோட்டைப் பின்னால் தள்ள வேண்டும். எட்ட முடியாமல் போனால் கோட்டை அருகில் கொண்டுவர வேண்டும். மாணவர்கள் கோட்டை மீட்டரில் அல்ல, தங்கள் பாத அளவில் எண்ணி நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பாதம் 25 செ.மீ. என்றால் 5 மீட்டர் 20 பாதம். எந்த மைதானத்துக்குப் போனாலும் அளவு நாடா தேடத் தேவையில்லை.

மாற்று ஆட்டக்காரரையும் மறக்கக் கூடாது. ஐந்தாவது மாணவரை முதல் இடத்துக்கோ கடைசி இடத்துக்கோ தயார் செய்தால், அவர் உள்ளே வரும் நாளில் ஒரு ஜோடி மட்டுமே மாறும். நடுவில் வந்தால் இரண்டு ஜோடிகள் கலையும். நடுவில் ஓடுபவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் மைதானமும் போட்டி மைதானமும்

வள்ளூர், மீஞ்சூர்ப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றைப் போல எங்களிடமும் 400 மீட்டர் ஓடுபாதை கிடையாது. புகைபோக்கிகள் தெரியும் மண் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் 200 மீட்டர் பாதை போடுகிறோம். 200 மீட்டர் பாதையில் ஒவ்வொருவரும் அரைச் சுற்று ஓடுகிறார்கள். அதனால் நால்வருக்கும் ஒரு வளைவு, ஒரு நேர்ப்பாதை. யாருக்கும் தனி வேலை இல்லை. இங்கே நன்றாக ஓடிய வரிசை 400 மீட்டர் மைதானத்தில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். அங்கே முதலாமவரும் மூன்றாமவரும் வளைவிலேயே ஓடுகிறார்கள். அந்த வளைவும் நம்முடையதைவிட மிகவும் அகலமானது.

இதற்கு ஒரு கயிறு போதும். நிலையான 400 மீட்டர் ஓடுபாதையின் உள் விளிம்பு 36.5 மீட்டர் ஆரம் கொண்டது. மைதான மூலையில் முளை அடித்து, அந்த நீளக் கயிற்றால் கால் வட்டம் வரைந்தால் ஏறக்குறைய 57 மீட்டர் வளைவு கிடைக்கும். ஒரு மாற்றும் பகுதியையும் அதற்குமுன் ஓடிவரும் தூரத்தையும் அதில் அடக்கிவிடலாம். ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியர் வட்டவில் நீளம் நடத்தியபோது மாணவர்களை அந்தக் கோட்டுக்கே அழைத்து வந்தார்.

4×400க்கும் இது பொருந்துமா?

ஓரளவுக்குத்தான். 4×400 மீட்டரில் கொடுப்பவர் களைத்து வருகிறார். வாங்குபவர் திரும்பிப் பார்த்தே வாங்குகிறார். மாற்றும் பகுதி 20 மீட்டர். அங்கே பேட்டன் மாற்றத்தைவிட, நெரிசலில் யார் நிதானமாக ஓடுவார், கடைசிச் சுற்றில் யார் துரத்துவார் என்பது முக்கியம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஆசியச் சாதனை படைத்தபோது கடைசிச் சுற்றை ஓடியவர் நம் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்த நால்வரே தங்கமும் வென்றார்கள். அந்த ஓட்டங்களின் காணொளியை வகுப்பில் காட்டி, ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு என்ன வேலை இருந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

தொடக்கப் பள்ளியில்

மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு 30 மீட்டர் ஓடுபாதையும் மாற்றும் பகுதியும் தேவையில்லை. எதிரெதிரே நின்று ஓடும் தொடர் ஓட்டம் போதும். ஆனால் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றுங்கள். எல்லாக் குழந்தைகளும் முதலிலும் ஓடட்டும், நடுவிலும் ஓடட்டும், கடைசியிலும் ஓடட்டும். "நீ மெதுவா ஓடுவ, நடுவுல நில்லு" என்று அந்த வயதில் கேட்ட குழந்தை, நடுவில் நிற்பதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்கிறது. நான்கு வண்ண அட்டைகளைக் கொடுத்து எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டால் கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டு

முதலில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்று. அணியின் நால்வரையும் மரத்தடியில் உட்காரவைத்து, மேலே எழுதிய அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். 8 மீட்டர், 5 மீட்டர். "கோடு தப்பு. கோட்டைத் தப்பாக்கியது நான்" என்று சொன்னேன். "அவ மெதுவா வந்துட்டா" என்று சொன்னவள் எழுந்து போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் மாலை அந்த மாணவி பயிற்சிக்கு வந்திருந்தாள்.

15.0 வினாடியில் ஓடி, மாற்றத்தில் 0.5 வினாடி மிச்சம் பிடித்தவள் அவள்தான். அந்த ஆண்டு அவளுக்கு மூன்றாம் இடம், வளைவு. முதல் இடத்துக்கு வந்தவள் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துப் பெண். துப்பாக்கிச் சத்தத்துக்கு அவளைப்போல எழ எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது. நால்வரில் வேகமானவளும் அவள்தான், 14.2.

கொடுப்பவர் குரல் கொடுத்ததும் வாங்குபவர் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். எல்லாப் பள்ளிகளும் "கை!" என்றே கத்துகின்றன. பக்கத்து ஓடுபாதைக் குரலுக்கு நம் மாணவி கையை நீட்டிவிட்டால் வேகம் போய்விடும். வேறு சொல் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒடியாவில் கைக்கு என்ன என்று அவளிடமே கேட்டார்கள். "ஹாத" என்றாள். மாவட்டத்தில் வேறு எந்த அணியும் அப்படிக் கத்தப்போவதில்லை. அன்றிலிருந்து நால்வருக்கும் அதுவே சொல். அதுவரை மைதானத்தில் அதிகம் பேசாதிருந்தவள், மற்றவர்களின் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கினாள்.

நால்வரின் நேரக் கூட்டல் 58.5. முந்தைய ஆண்டு அணியைவிட மெதுவானவர்கள். வருவாய் மாவட்டப் போட்டியில் அவர்கள் ஓடியது 56.5. மீதி 2 வினாடி. மூன்றாம் இடம்தான் கிடைத்தது. மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் மூன்று முறையும் பேட்டன் கோடுகளுக்குள் கைமாறியது. போட்டி நாளன்று காலையில், வேகமானவளைக் கடைசியில் நிறுத்தலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வரிசையை நான் மாற்றவில்லை.

உங்கள் பள்ளி அணியை அழைத்துக்கொண்டு குறுவட்டப் போட்டிக்குப் போகும்முன் ஒரு மாலைப் பொழுதில் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து, பேட்டனுக்கு மட்டும் நேரம் பார்த்துவிடுங்கள். யாரை எங்கே நிறுத்துவது என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.